குட்டிக்கு வெண்டை விதை அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள பாப்பா,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே? இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்ன மாமா வீட்டுப் பஞ்சாயத்து ஒரு வழியாக முடிந்தது, அதைத் தனியாக எழுதுகிறேன். முதலில் குட்டி விஷயம்.

கூரியரில் ஒரு கவர் வரும். வெண்டை விதை, முளைக்கீரை விதை, சங்குப்பூ விதை மூன்றும் தனித்தனிப் பொட்டலமாக இருக்கும். எல்லாம் நம் மாடியில் முற்றவிட்டு எடுத்தது, கடையில் வாங்கியது இல்லை. குட்டிக்கே அடையாளம் தெரியட்டும் என்று அப்பா பொட்டலத்தின் மேல் படம் வரைந்திருக்கிறார்.

பொங்கலுக்கு அப்புறம் நீ சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கால் போடுவதே இல்லை. முன்பெல்லாம் அவன் தட்டைக் காட்டுவாய். இப்போது கூப்பிட்டால் “அவன் சாப்பிட்டுத் தூங்கிட்டாம்மா” என்கிறாய், பின்னாலேயே அவன் குரல் கேட்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை அப்பாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறார் போல, அதையும் நான் கிளறவில்லை. ஆனால் அங்கன்வாடியில் சாப்பிடாத பிள்ளை ஒன்றாவது இல்லாமல் எனக்கு ஒரு வருடமும் போனதில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதுச் சாப்பாட்டைக் கண்டால் பிள்ளைகள் பின்வாங்குவது இயல்பு. அது அடம் இல்லை, நீ வளர்த்த விதமும் இல்லை. கசப்பும் அவர்கள் நாக்கில் நம்மைவிடக் கூடுதலாகத் தெரியும். ஒரு காயைப் பத்து, பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்கள், நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாம்தான் மூன்றாவது தடவையே “இவனுக்கு இது பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆகவே கட்டாயப்படுத்தாதே. கொஞ்சமாக வை, நீயும் அதையே சாப்பிடு, அவன் தொடாவிட்டால் பேசாமல் தட்டை எடுத்துவிடு.

2013-க்கு அப்புறம் சத்துணவில் கலவை சாதங்கள் வந்தது உனக்கு நினைவிருக்கும். கறிவேப்பிலை சாதத்தின் நிறத்தைப் பார்த்து முதலில் ஒரு வரிசையே தட்டைத் தள்ளிவிட்டது. நான் கெஞ்சவில்லை. எனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒருத்தி கை வைத்தாள், அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன். பிள்ளைகள் இன்னொருவர் வாயைப் பார்த்துத்தான் சாப்பிடுவார்கள். அங்கே குட்டி போனைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறான், நீ கிண்ணத்தோடு பின்னால் நடக்கிறாய். அவன் யாரைப் பார்த்துச் சாப்பிடுவான்? நீதான் எப்போது சாப்பிடுகிறாய்?

உன் கதையை எடுத்துக்கொள். வீட்டில் வாழைத்தண்டுப் பொரியல் என்றால் எழுந்து ஓடிவிடுவாய். அப்பா உன்னைப் பர்மா பஜார் பக்கம் அத்தோ கடைக்குக் கூட்டிப் போவார். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த பூண்டு, புளித்தண்ணி எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அந்தத் தண்டு சூப்பை நீ இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிப்பாய். பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த சாப்பாடு, பாதிப் பெயர் உன் வாயில் நுழையாது, ஆனாலும் பயமில்லாமல் சாப்பிட்டாய். ஏனென்றால் அங்கே யாரும் உன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அப்பா அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், உனக்கும் பசித்தது. குட்டியையும் ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் ஊர்க் காய்கறி மண்டிக்குக் கூட்டிப் போ. தெரியாத காய் ஒன்றை அவனே எடுக்கட்டும். வீட்டுக்கு வந்து சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, தொட்டு முகர்ந்து பார்த்ததும் கணக்குதான்.

சரி, விதைக்கு வருகிறேன். உன் பால்கனியில் வெயில் படுகிற மூலை ஒன்று போதும். செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து பையில் போடு. கலக்கும் வேலையைக் குட்டிக்குக் கொடு, வீடு அழுக்காகும், ஆகட்டும். வெண்டை விதையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுநாள் ஊன்று. நாலைந்து நாளில் முளைக்கும், ஒன்றரை மாதத்தில் முதல் காய். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், விட்டால் நாராகிவிடும். அவ்வளவு நாள் அவனுக்குப் பொறுமை இருக்காது. அதனால் இன்றைக்கே உன் அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு பிடி வெந்தயத்தை எடுத்து ஒரு தட்டையான டப்பாவில் தூவச் சொல். மூன்றாவது நாளே முளை தெரியும், மூன்று வாரத்தில் கிள்ளிவிடலாம். அவன் கிள்ளியதை அவன் எதிரிலேயே சப்பாத்தி மாவில் போட்டுப் பிசை. அவன் பச்சையாகவே ஒரு இலையைக் கடித்துப் பார்ப்பான், நீ வேண்டுமானால் பார். கசக்கிறது என்று துப்பினால் துப்பட்டும். திரும்பவும் சொல்கிறேன், கட்டாயப்படுத்தாதே.

சங்குப்பூ விதைக்குத் தோல் கெட்டி, அதையும் ஊறவைக்க வேண்டும். பூத்ததும் நாலு பூவை வெந்நீரில் போட்டால் தண்ணீர் நீலமாகும். குட்டி கையால் எலுமிச்சம்பழம் பிழியச் சொல், நீலம் அப்படியே ஊதாவாக மாறும். அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்து இடியாப்பம் பிழி. தானே நிறம் மாற்றிய சாப்பாட்டை எந்தப் பிள்ளையும் ஒரு வாய் பார்க்காமல் விடாது.

சமையலறையிலும் அவனுக்கு வேலை கொடு. கறிவேப்பிலை உருவலாம், பட்டாணி உரிக்கலாம், கொழுக்கட்டைக்குப் பிடி பிடிக்கலாம், தயிர் கடையலாம். அடுப்புப் பக்கமும் கத்திப் பக்கமும் மட்டும் விடாதே. நேரமில்லை என்பாய். தெரியும். தினமும் வேண்டாம், லீவு நாளில் ஒரு வேளை போதும்.

மே மாதம் நீங்கள் வரும்போது மீன் தடைக்காலம் இருக்கும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டில் பெரிய மீன் விலை ஏறிவிடும். அதனால் என்ன, ஃபைபர் படகில் கரையோரம் பிடிக்கிற நெத்திலி கிடைக்கும், அதை மொறுமொறுவென்று வறுத்தால் முள்ளோடு சாப்பிடலாம். பால்சுறா கிடைத்தால் புட்டு செய்கிறேன். சுறாவில் குத்துகிற முள் கிடையாது, வேகவைத்த சதையை அவனே உதிர்க்கட்டும். அவனைப் பெற்றுவிட்டு நீ இங்கே இருந்தபோது பால் ஊற வேண்டும் என்று உனக்குச் செய்துகொடுத்த அதே புட்டுதான். காலையில் வெயில் ஏறுவதற்குள் அவனும் அப்பாவும் மாடிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றட்டும். கத்திரி வெயிலுக்கு அப்பா இப்போதே பச்சை நிழல்வலை வாங்கி வைத்துவிட்டார்.

அவன் எடை இப்போது எவ்வளவு என்று மட்டும் சொல். நாலு வயதுப் பையனுக்கு 16 கிலோ அளவுக்கு இருக்கலாம், ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தால் பயமில்லை. மாதாமாதம் ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். ஓடி ஆடி விளையாடுகிறான், எடை ஏறுகிறது என்றால் நீ நிம்மதியாக இரு. ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டு, என்னிடமும் சொல். சொல்லாமல் இருக்காதே.

எட்டாவது மாதம்வரை பஸ் ஏறி வேலைக்குப் போனவள் நீ. நம் தெருவில் இன்றைக்கும் பெண்பிள்ளைகளுக்கு உன்னைத்தான் காட்டிச் சொல்கிறார்கள், எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் அதே வைராக்கியத்தை அம்மாவிடமும் காட்டுகிறாயே, அதுதான் தாங்கவில்லை. வேலை விஷயத்தில் நீ எடுப்பதுதான் முடிவு, நான் கேட்கப் போவதில்லை. போன வாரம் போட்டோவில் உன் கழுத்தெலும்பு தெரிந்தது. குட்டி மிச்சம் வைத்த பருப்புசாதத்தை நின்றுகொண்டே வழித்துப் போட்டுக்கொள்வதைச் சாப்பாட்டில் சேர்க்காதே. அவன் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கென்று சூடாக ஒரு தட்டு போட்டுச் சாப்பிடு. குட்டிக்காகச் சொல்லவில்லை, உனக்காகத்தான் சொல்கிறேன்.

ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் பதிவு செய்ய முடிகிறது, திறந்த அன்றைக்கே போய்விடுகிறது. அப்பா தினமும் தேதி கேட்கிறார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீயும் குட்டியும் மட்டும் வாருங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். தேதியை மட்டும் சொல், டிக்கெட்டை அப்பா இங்கிருந்தே போட்டுவிடுவார்.

அன்புடன்,
அம்மா