ஊரையே காலி செய்ய வேண்டாம், தண்ணீர் வரும் தெருவுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: ஹாரிஸ் கவுண்டி ஜட்ஜ் அவர்களுக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
மேற்கு ஹூஸ்டனில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள்,
ஹாரிஸ் கவுண்டி, டெக்சாஸ்.

பெறுநர்:
மாண்புமிகு கவுண்டி ஜட்ஜ் அவர்கள்,
ஹாரிஸ் கவுண்டி நிர்வாகம்,
ஹூஸ்டன், டெக்சாஸ்.

பொருள்: சூறாவளி வெள்ளத்தின்போது மக்களை வெளியேற்றும் முடிவுகள், ஆடிக்ஸ் மற்றும் பார்க்கர் நீர்த்தேக்கங்களை ஒட்டிய குடியிருப்புகளுக்கான முன்னேற்பாடுகள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய கவுண்டி ஜட்ஜ் அவர்களுக்கு வணக்கம்.

ஆடிக்ஸ், பார்க்கர் ஆகிய இரண்டு நீர்த்தேக்கங்களுக்கு, தண்ணீர் தேங்கும் மேல்புறத்திலும் மதகு திறந்தால் தண்ணீர் பாயும் கீழ்புறத்திலும் உள்ள தெருக்களில் நாங்கள் குடியிருக்கிறோம். சிலர் சொந்த வீட்டில், பலர் வாடகை வீட்டில். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். மெக்சிகோ வளைகுடாவில் ஏதாவது சுழல ஆரம்பித்தால் போதும், எங்கள் வீடுகளில் வேறு பேச்சே இருக்காது. போகலாமா, இருக்கலாமா? டெக்சாஸ் அரசுச் சட்டத்தின் 418-ஆம் அத்தியாயப்படி, மக்கள் வெளியேற வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் கவுண்டியின் நிர்வாகத் தலைவரான கவுண்டி ஜட்ஜுக்கும் நகர மேயருக்கும் இருக்கிறது. அதனால்தான் இந்த மனுவோடு தங்களிடம் வருகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 2017 ஆகஸ்டில் ஹார்வி சூறாவளி வந்தபோது ஊரைக் காலி செய்யச் சொல்லவில்லை என்று அன்றைய மேயர் சில்வெஸ்டர் டர்னரையும் அன்றைய கவுண்டி ஜட்ஜ் எட் எம்மெட்டையும் பலர் குறை சொன்னார்கள். ஆளுநர் கிரெக் அபட் கிளம்புவதைப் பற்றி யோசியுங்கள் என்றார், இவர்கள் இருவரும் வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். ஊர் முழுவதையும் சாலையில் இறக்காமல் விட்டது சரியான முடிவு என்பதே எங்கள் எண்ணம். 2005 செப்டம்பரில் ரீட்டா சூறாவளி வந்த கதையை இங்கே நெடுநாளாக இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். கத்ரினா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். பயந்துபோன மக்கள் 25 லட்சம் பேருக்கு மேல் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். நெடுஞ்சாலைகள் அப்படியே உறைந்து நின்றன. கொளுத்தும் வெயிலில் பெட்ரோல் தீர்ந்து கார்கள் ஓரங்கட்டப்பட்டன. ஹூஸ்டனை ஒட்டிய பெல்லேரிலிருந்து முதியோர் இல்லத்தவரை ஏற்றிச் சென்ற பேருந்து டாலஸுக்குத் தெற்கே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். உள்ளே இருந்த ஆக்சிஜன் உருளைகள் தீயை இன்னும் மோசமாக்கின. வெளியேறும் முயற்சியிலேயே ஏறத்தாழ நூறு உயிர்கள் போயின. கடைசியில் ரீட்டா திசை மாறி, லூசியானா எல்லைப் பக்கம் கரையைக் கடந்தது.

ஆகவே, அடுத்த புயலுக்கு ஹூஸ்டனையே காலி செய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் 'எல்லோரும் கிளம்புங்கள்', 'எல்லோரும் இருங்கள்' என்ற இரண்டே கதவுகள்தான் நமக்கு இருக்கின்றன என்ற நினைப்பை மாற்ற வேண்டும். இப்போது கையில் இருக்கும் வெளியேற்ற மண்டலங்கள் கடல் பொங்கி உள்ளே வருவதைக் கணக்கில் கொண்டு, ஜிப் கோடு வாரியாகக் கடற்கரை, ஏ, பி, சி என்று பிரிக்கப்பட்டவை. கால்வெஸ்டன் விரிகுடா பக்கம் இருப்பவர்களுக்கு அது உயிர் காக்கும் ஏற்பாடு. ஹார்வியில் எங்களை மூழ்கடித்தது கடல் இல்லை, மழை. டெக்சாஸில் அந்தப் புயலால் நேரடியாக இறந்தவர்கள் 68 பேர் என்று தேசிய சூறாவளி மையம் கணக்கிட்டது. அதில் 36 பேர் நம் ஹாரிஸ் கவுண்டியில். கடல் பொங்கியதால் இறந்ததாக ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை. மழை வெள்ளத்தில், அதிலும் வண்டிக்குள் மாட்டி இறந்தவர்கள் பலர். கிரீன்ஸ் பாயூ என்ற ஓடையில் ஒரே வேனில் போன ஒரே குடும்பத்தின் ஆறு பேர், அதில் நான்கு குழந்தைகள். அவர்கள் வெள்ளத்திலிருந்து தப்பிக்கத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். தண்ணீர் வந்த பிறகு கிளம்புவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

இனி எங்கள் தெருக்களின் விஷயம். 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு நகரத்தின் நடுப்பகுதியைக் காப்பதற்காக ராணுவப் பொறியாளர் படை 1940-களில் இந்த இரண்டு அணைகளைக் கட்டியது. மற்ற நாட்களில் தண்ணீர் இருக்காது, பூங்காவும் காடுமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது அணை என்பதே மறந்துபோகும். அணை தேக்கக்கூடிய முழு உயரத்துக்கும் அரசு நிலம் வாங்கவில்லை. ஆடிக்ஸில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 103 அடி வரை, பார்க்கரில் சுமார் 95 அடி வரைதான் அரசு நிலம். அதற்கு மேலே வீடுகள். ஹார்வியில் ஆடிக்ஸ் 109 அடியையும் பார்க்கர் 101 அடியையும் தாண்டியது. அந்த ஆறடி வித்தியாசத்துக்குள்தான் எங்கள் வீடுகள் இருக்கின்றன. பக்கத்து ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் உள்ள மனைப்பிரிவுகள் சிலவற்றின் வரைபடங்களில், நீர்த்தேக்கத்தால் இந்த இடத்தில் நீண்ட நாள் தண்ணீர் நிற்கக்கூடும் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. வீடு வாங்கும்போது யார் அந்த வரைபடத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள்? வாடகைக்கு வருபவர் கண்ணில் அது படுவதற்கு வழியே இல்லை.

மேல்புறத்து வீடுகளில் தண்ணீர் வந்த விதத்தை நேரில் பார்த்தவர்களால்தான் நம்ப முடியும். மழை விட்டுவிட்டது. சில இடங்களில் வெயில்கூட அடித்தது. முதலில் குளியல் தொட்டியின் வடிகுழாயில் குமிழ்கள் வந்தன, பிறகு கழுவிய பாத்திரத்தின் நீர் போலப் பழுப்பாக ஒரு படலம். அப்புறம் சுவரோரமாகக் கம்பளம் மெல்ல ஈரமாகி, சற்று நேரத்தில் உப்பிக்கொண்டு மேலே எழும்பியது. வெளியே இரைச்சல் கிடையாது, ஓட்டம் கிடையாது. மழை நின்றுவிட்டது என்று நிம்மதியாக மூட்டையைப் பிரித்து வைத்தவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். கீழ்புறத்தில் நடந்தது வேறு. ஆகஸ்ட் 28 அதிகாலை 2 மணிக்கு மதகுகளைத் திறக்கப் போவதாகப் பொறியாளர் படை சொல்லியிருந்தது. நீர்மட்டம் வேகமாக ஏறியதால் நள்ளிரவு வாக்கிலேயே திறந்துவிட்டது. அதுவரை ஈரம் படாத வீடுகளில் தூங்கப் போனவர்கள், அணைத் தண்ணீர் பாயும் பஃபலோ பாயூ ஓடை வீட்டுக்குள் வந்த பிறகு விழித்தார்கள். எச்சரிக்கையே வரவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பல வீடுகளுக்கு அது போய்ச் சேரவில்லை என்று சொல்கிறோம்.

பிறகு, மழை நின்று சில நாட்கள் கழித்து, செப்டம்பர் 2-ஆம் தேதி, அணைக்குக் கீழே தண்ணீர் புகுந்த வீடுகளில் இன்னும் தங்கியிருப்பவர்கள் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று மேயர் உத்தரவிட்டார். எங்கள் வாதம் முழுவதும் இந்த ஒரு உத்தரவில் அடங்கியிருக்கிறது. ஊரில் ஒரு பகுதிக்கு மட்டும் தனியாக உத்தரவு போட முடியும் என்று நம் நிர்வாகமே நடத்திக் காட்டிவிட்டது. அதே உத்தரவு தண்ணீர் வருவதற்கு முன்னால், பகல் வெளிச்சத்தில் வர வேண்டும் என்பதுதான் எங்கள் முதன்மையான கோரிக்கை.

இதற்குத் தாங்கள் செய்ய வேண்டியது என்று நாங்கள் நினைப்பதைச் சொல்கிறோம். நீர்த்தேக்க மேல்புறத்தில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும், சொந்தக்காரர் என்றாலும் வாடகைக்காரர் என்றாலும், வீட்டுத் தரை எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்ற ஒரே ஓர் எண்ணைக் கடிதத்தில் அனுப்புங்கள். கவுண்டியின் வெள்ள அளவுமானிகள் நீர்மட்டத்தை இணையத்தில் நேரடியாகக் காட்டுகின்றன, மிக நல்ல ஏற்பாடு அது. ஆனால் அணை 102 அடியைத் தொட்டது என்று திரையில் பார்க்கும்போது, என் வீடு 104 அடி என்று தெரிந்திருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். இன்ன அடியைத் தொட்டால் இன்ன தெருக்கள் கிளம்ப வேண்டும் என்று இப்போதே, வானம் தெளிவாக இருக்கும்போதே, முடிவு செய்து அறிவித்துவிடுங்கள். நள்ளிரவில் யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்காது.

மதகு திறப்பது மத்திய அரசின் பொறியாளர் படையின் கையில் இருக்கிறது என்பது தெரியும். பார்க்கரின் தண்ணீர் பக்கத்துக் கவுண்டிக்குள்ளும் பரவுகிறது என்பதும் தெரியும். இருந்தாலும் திறப்பதற்கு முன் கீழ்புறத் தெருக்களில் ஆள் போய்க் கதவைத் தட்டும் ஏற்பாடு கவுண்டியால் முடியும். பொறியாளர் படை, இரண்டு கவுண்டிகள் என மூன்று தரப்பும் சேர்ந்து ஒரே அறிவிப்பு தர வேண்டும். ஆளுக்கொன்று சொன்னால் மக்கள் தங்களுக்குப் பிடித்ததைத்தான் கேட்பார்கள்.

எங்கே போவது என்பது அடுத்தது. சான் ஆன்டோனியோவுக்கோ டாலஸுக்கோ போக வேண்டியதில்லை. பத்து மைல் தள்ளி மேட்டு நிலத்தில் ஒரு பள்ளிக்கூடம் போதும். ஹார்வியில் ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் 5,000 பேருக்குத் திட்டமிட்டிருந்த இடத்தில் சுமார் 10,000 பேர் தங்கினார்கள். நகர மையத்துக்கு வரும் சாலைகளே முழுகியிருந்தபோது மேற்கில் இருப்பவர்கள் அங்கே எப்படிப் போவது? ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்திலேயே ஒரு தங்குமிடத்தைப் பருவம் தொடங்கும் முன்பே பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும். கார் இல்லாதவர்களுக்குப் பேருந்து எங்கே நிற்கும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

முதியோரும் படுக்கையில் இருப்பவர்களும் மற்றவர்களுக்கு முன்னால் நகர வேண்டும், அதுவும் குறைந்த தூரம். டிக்கின்சனில் முதியோர் இல்லம் ஒன்றில் இடுப்பளவு தண்ணீரில் பாட்டிமார்கள் உட்கார்ந்திருந்த படத்தை உலகமே பார்த்தது. 2005-ன் பேருந்து ஒரு பக்கம், 2017-ன் அந்த அறை ஒரு பக்கம். நெடுந்தூரம் அனுப்பியதும் தவறாகப் போனது, அப்படியே விட்டதும் தவறாகப் போனது. உதவி தேவைப்படுபவர்கள் முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ள மாநிலத்தின் 'ஸ்டியர்' பட்டியல் இருக்கிறது, 211-க்கு அழைத்தால் பதிவு செய்யலாம். எங்கள் மக்களில் பலருக்கு அது தெரியாது. அந்தச் செய்தியை நூலகம், மருத்துவமனை, கோயில் என்று எல்லா இடத்திலும் ஒட்டுங்கள்.

எங்கள் வீடுகளில் இன்னொரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். மகன், மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கும் பெற்றோர்கள். கார் ஓட்டத் தெரியாது, ஆங்கிலம் அதிகம் வராது. ஹார்வி இரவில் எங்களில் ஒருவரின் வீட்டில், மருமகள் மருத்துவமனைப் பணியில் மாட்டிக்கொள்ள, மகன் வெளியூரில் இருக்க, பேரக்குழந்தையோடு பாட்டி மட்டும் இருந்தார். அன்றிரவு கைபேசி மறுபடி மறுபடி அலறியது. சூறைக்காற்று எச்சரிக்கை, திடீர் வெள்ள எச்சரிக்கை என்று அடுத்தடுத்து. குழந்தை விழித்துவிடும் என்று அவர் அதை அணைத்து வைத்துவிட்டார். எது சாதாரண எச்சரிக்கை, எது உடனே கிளம்பச் சொல்வது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரர் படகோடு வந்து கூப்பிட்டார், அதனால் பிழைத்தார்கள். தமிழில் நாங்களே மொழிபெயர்த்துத் தருகிறோம், கட்டணம் வேண்டாம். 'தண்ணீர் வருகிறது, மாடிக்குப் போங்கள்', 'இப்போதே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்', 'காரை எடுக்காதீர்கள்' என்ற மூன்று வாக்கியங்கள் இருந்தால்கூடப் போதும். மற்ற மொழிக்காரர்களும் இதேபோலச் செய்து தருவார்கள் என்று நம்புகிறோம்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். ஹார்வியில் மூழ்கிய வீடுகளில் பல, வெள்ள வரைபடத்தில் ஆபத்துப் பகுதிக்கு வெளியே இருந்ததால் வெள்ளக் காப்பீடு எடுக்காதவை. புயல் கிளம்பிய பிறகு ஓடிப்போய் எடுத்தாலும் பயனில்லை, தேசிய வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவின் பண உதவியைத் தங்கள் பெயரில் பெற முடியாது, வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையின் சார்பில் விண்ணப்பிக்கலாம். இதெல்லாம் வெள்ளம் வடிந்த பிறகுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. கவுண்டி அனுப்பும் கடிதத்தில் இந்த விவரங்களுக்கும் இடம் கொடுங்கள்.

வீட்டிலேயே இருங்கள் என்று தாங்கள் முடிவெடுக்கும் நாட்களும் வரும். 2024 ஜூலையில் பெரில் வெறும் முதல் வகைச் சூறாவளியாகத்தான் வந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போய், வெப்பம் தாங்காமல் வயதானவர்கள் இறந்தார்கள். இருக்கச் சொன்னால், அப்படி இருப்பவர்களுக்குக் குளிர்ந்த அறையும் மருந்து வைக்கக் குளிர்பதனப் பெட்டியும் நடந்துபோகும் தூரத்தில் வேண்டும்.

2018 ஆகஸ்ட் 25 அன்று, ஹார்வி கரையேறி சரியாக ஓராண்டு கழித்து, 250 கோடி டாலர் வெள்ளத்தடுப்புக் கடன் பத்திரத்துக்கு ஹாரிஸ் கவுண்டி வாக்காளர்கள் பெரும் ஆதரவு தந்தார்கள். பாயூக்களை அகலப்படுத்தும் வேலைகள் நடக்கின்றன, அதற்கு நன்றி. ஆனால் அவை முடிய ஆண்டுகள் ஆகும். ஒரு கடிதம் அனுப்பவும், தெருக்களின் பட்டியல் போடவும், கதவு தட்டும் ஆட்களைப் பயிற்றுவிக்கவும் அத்தனை காலம் தேவையில்லை.

வரும் ஜூன் 1-க்கு முன்பாக ஒரு வார நாள் மாலையில், ஏழு மணிக்குப் பிறகு, எங்கள் பகுதிக் குடியிருப்போரைச் சந்திக்கத் தங்களையும் வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளையும் அழைக்கிறோம். அணைகளைக் கவனிக்கும் பொறியாளர் படையினரும் உடன் வந்தால் மிகவும் நன்றி உடையவர்களாக இருப்போம். இடமும் மொழிபெயர்ப்பாளர்களும் எங்கள் பொறுப்பு. இந்த மனுவின் ஆங்கில வடிவத்தையும் இணைத்திருக்கிறோம். எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கு ஹூஸ்டன் தமிழ்க் குடும்பங்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)