ரத்தப் பையில் பெயர் இல்லாத கொடையாளருக்கு நன்றி

ஐயாவோ அம்மாவோ, யாராக இருந்தாலும் நன்றி. தலசீமியா மேஜர் (உடலில் போதிய ஹீமோகுளோபின் உருவாகாத பரம்பரை ரத்தநோய்) உள்ள எங்கள் மகளுக்கு இம்முறை ஏறியது உங்கள் சிவப்பணு. 3 வாரத்துக்கு ஒருமுறை, உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.லி.; 4 மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். எல்லோருக்கும் பார்க்கும் ஏபிஓ, ஆர்எச் டி ரத்த வகைகள் மட்டுமல்ல, சி, ஈ, கெல் என்ற கூடுதல் ரத்த வகைகளும் பொருந்தின. பொருந்தாத ரத்தம் ஏறினால் உடல் அதை அழிக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடலாம். அப்புறம் பொருத்தமான பை குதிரைக்கொம்புதான். வெள்ளணுவை வடிகட்டித் தந்ததால் காய்ச்சல், நடுக்கம் இல்லை.

ஒரு பை ஏறினால் ஏறத்தாழ 200 மி.கி. இரும்பு உடலில் தங்கும். அதை வெளியேற்ற தினமும் வெறும் வயிற்றில் டெஃபராசிராக்ஸ் மாத்திரை, அரை மணி கழித்தே சாப்பாடு. (பிள்ளைக்குப் பிடிக்காத அரை மணி!)

சிவப்பணு 42 நாள்தான் தாங்கும், சேர்த்துவைக்க முடியாது. ஆண்கள் 3 மாதத்துக்கும் பெண்கள் 4 மாதத்துக்கும் ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். கோடையில்தான் தட்டுப்பாடு அதிகம். நீங்கள் கொடுத்ததும் கோடையில்.