பழைய நகர வரைபடங்களை ஸ்கேன் செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள்

பெறுநர்: நகர வரைபட ஆவணங்களுக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள்

பொருள்: பழைய நகர வரைபடங்களை ஜிஐஎஸ் மென்பொருளில் (வரைபடங்களை நிலத்தின் சரியான இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் மென்பொருள்) பயன்படும் வகையில் டிஜிட்டல் வடிவில் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஆவண அறையில் இருக்கும் பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்யும் வேலை நடக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் இப்போது கைக்கு வரும் கோப்புகள் பார்க்கத்தான் உதவுகின்றன, நிலத்தின் மேல் பொருத்திப் பார்க்க உதவவில்லை. அதற்காகத்தான் இந்த மனு.

மூடப்பட்ட ஒரு பழைய கால்வாய் எந்த வழியாக ஓடியது என்று தெரிந்துகொள்ள ஒரு அலுவலகத்தில் வரைபட நகல் கேட்டேன். பிடிஎஃப் கொடுத்தார்கள். தாளை விரித்து நீவிவிடாமலே ஸ்கேன் செய்திருந்ததால் மடிப்பின் நிழல் சரியாகக் கால்வாயின் மேலேயே விழுந்திருந்தது, ஓரங்களை வெட்டியிருந்ததால் அளவுகோல், அளந்த ஆண்டு, குறியீட்டு விளக்கம், பக்கத்துத் தாளின் எண் எதுவுமே இல்லை, கோப்பை அளவுக்கு மீறிச் சுருக்கியதில் புல எண்ணில் இருப்பது 3-ஆ 8-ஆ என்றே தெரியவில்லை. அப்புறம் அனுமதி வாங்கி மூலத்தைப் போய்ப் பார்த்தேன். மடிப்பு வந்த இடங்களில் காகிதம் உதிர்ந்து, பின்னால் ஒட்டிய துணி மட்டும் தெரிந்தது. ஆனால் கால்வாயின் வெளிர்நீலப் பூச்சு அப்படியே இருந்தது, அதன் ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்ட சின்ன அம்புக்குறி நீர் எந்தப் பக்கம் ஓடியது என்று காட்டியது. நகலில் அந்த அம்பு இல்லை. அந்தத் தாள் இன்னும் எத்தனை முறை விரிப்பதைத் தாங்கும் என்று தெரியவில்லை.

அதனால் முதல் வேண்டுகோள்: ஸ்கேன் ஒரே முறை, ஆனால் ஒழுங்காக. தாளைத் தட்டையாக வைத்து, ஓரம் வெட்டாமல், 400 டிபிஐ-க்குக் (ஒரு அங்குலத்துக்கு 400 பிக்சல்) குறையாமல், தரம் குறையாத டிஃப் கோப்பாக எடுங்கள். 1:1000 அளவு வரைபடத்தில் (தாளில் 1 செ.மீ. நிலத்தில் 10 மீட்டர்) 400 டிபிஐ என்றால் ஒரு பிக்சல் நிலத்தில் ஏறக்குறைய 6 செ.மீ., அது தாராளமாகப் போதும். உருளைக்குள் இழுக்கும் ஸ்கேனரில் உதிரும் தாள்களைத் தயவுசெய்து விடாதீர்கள்.

இரண்டாவதுதான் முக்கியம், ஜியோரெஃபரன்ஸ் செய்வது, அதாவது ஸ்கேன் செய்த தாளை நிலத்தில் அதற்குரிய இடத்தில் பொருத்துவது. ஈரத்துக்கும் வெயிலுக்கும் காகிதம் விரிந்து சுருங்கும், அதுவும் நீளத்திலும் அகலத்திலும் ஒரே மாதிரி இல்லை. 60 செ.மீ. தாள் ஒரு சதவீதம் சுருங்கினால் 6 மி.மீ., 1:1000-ல் அது நிலத்தில் 6 மீட்டர், ஒரு தெருவே நகர்ந்துவிடும். இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துக் கண்ணளவில் நகர்த்திப் பொருத்தினால் இது சரியாகாது. இடம் மாறாத, இன்றும் நிற்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டும், அதாவது பழைய தாளிலும் இன்றைய நிலத்திலும் அடையாளம் காணக்கூடிய இடங்கள்: பழைய பாலத்தின் முனை, கல் கட்டடத்தின் மூலை, எல்லைக் கல். ஆற்றங்கரையும் அகலப்படுத்திய சாலைச் சந்திப்பும் வேண்டாம். எளிய உருமாற்றத்துக்கு (தாளின் படத்தை நிலத்துக்கு ஏற்ப நகர்த்தி, திருப்பி, நீட்டிப் பொருத்தும் கணக்கு) 3 புள்ளி போதும் என்று மென்பொருள் சொல்லும், பிழை பூஜ்யம் என்றும் காட்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பி ஒப்பந்தக்காரருக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சரிபார்க்க மிச்சப் புள்ளி இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். தாள் முழுக்கப் பரவலாக 15, 20 புள்ளி வைத்து, அதில் சிலவற்றைக் கணக்கில் சேர்க்காமல் சோதனைக்கு மட்டும் ஒதுக்கி, எவ்வளவு மீட்டர் பிழை வந்தது என்பதைக் கோப்போடு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். புள்ளிகளின் பட்டியலும் சேர்ந்தே வர வேண்டும், நாளைக்கு இதைவிட நல்ல புள்ளி கிடைத்தால் யாராவது திருத்த முடியும்.

குளம், வாய்க்கால், தெரு, கட்டடம் என்று தனித்தனி அடுக்காக வரையும் வேலை மெதுவாக நடக்கட்டும், நீர்வழிகளை மட்டும் முதலில் எடுத்தால் நல்லது. மழை வந்தால் தண்ணீர் தேங்கும் இடத்தையும் தூர்ந்துபோன குளத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க அதுவே போதும். தெருப் பெயரைப் பழைய எழுத்துப்படியே பதிந்து, இன்றைய பெயரைப் பக்கத்தில் தனியாகக் கொடுங்கள், ஒன்றை அழித்து மற்றொன்றை எழுத வேண்டாம்.

எல்லைத் தகராறுக்கு இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கும், அது நியாயம்தான். 1:5000 வரைபடத்தில் அரை மி.மீ. தடிமனுள்ள கோடே நிலத்தில் இரண்டரை மீட்டர். பிழை அளவை ஒவ்வொரு கோப்பிலும் வெளிப்படையாகப் போட்டுவிட்டால் அதை வைத்து ஒரு அடி, இரண்டு அடிக்கு யாரும் வழக்காட முடியாது. பூட்டி வைப்பதைவிட அதுதான் நல்ல பாதுகாப்பு.

ஆள் பற்றாக்குறை என்றால் மக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் நூலகம் 2012-லிருந்து தன் பழைய வரைபடங்களை இணையத்தில் வைத்துத் தன்னார்வலர்களைக் கொண்டே பொருத்த வைத்தது, நியூயார்க் பொது நூலகமும் இதே வழியில் போனது. க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளே இந்த வேலைக்குப் போதுமானது.

முதலில் ஒரே ஒரு தாள் கொடுங்கள், நான் பார்த்த அந்தக் கால்வாய்த் தாளே சரியாக இருக்கும். கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நேரில் போய் அளந்து வர நான் தயார், சம்பளம் எதுவும் வேண்டாம். எந்த நாளில் வரலாம் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பழைய வரைபடங்களைத் தினமும் பயன்படுத்தும் ஒருவர்