கத்தரித் தோட்டத்து மண்ணுக்கு உயிருள்ள பசளை: விவசாயப் போதனாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தின் மதிப்பிற்குரிய விவசாயப் போதனாசிரியர்களே,

நிலாவெளிக் கடலோர மணலில் கத்தரி செய்பவன் நான். 2021 மே மாதம் தடைசெய்யப்பட்ட இரசாயன உர இறக்குமதி அவ்வாண்டு முடியுமுன்பே மீண்டும் அனுமதிக்கப்பட்டது; அன்றிலிருந்து சேதனப் பசளை என்றாலே எங்கள் ஊரில் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் மண்ணில் ஊற வேண்டியதை ஒரே போகத்தில் கேட்டால் எந்தப் பசளைதான் கைகொடுக்கும்?

எங்கள் மணலில் ஊற்றும் நீரோடு யூரியாவும் கீழே வழிந்துவிடுவதால், மக்கிய மாட்டெருவும் உமிக்கரியும் கிளிரிசிடியா இலையும் சேர்ந்துதான் ஈரத்தையும் சத்தையும் வேர்மட்டத்தில் பிடித்துவைக்கின்றன. நுண்ணுயிர்களுக்கு இரையும் இருப்பிடமும் அவையே.

சென்ற போகத்தில் ஒரு கடையில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் உயிருள்ள பூஞ்சைப் பொதி ஒன்றை வாங்கினேன். தகரக் கூரையின் கீழ் வெயில்படத் தொங்கிய அந்தப் பொதியில் உற்பத்தித் திகதியே இல்லை. (உயிருள்ள பொருளை ஆணிப் பெட்டிக்கு அருகே தொங்கவிடுவோரை என்ன சொல்வது!) பூத்த செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகத் துவண்டன. அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளை நீரில் நிறுத்தியபோது, சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழை கீழே இறங்கியது. அது பாக்டீரியா வாடல் நோய். வேரழுகல் பூஞ்சைகளை அடக்கப் பயன்படும் டிரைக்கோடெர்மா உயிரோடு இருந்திருந்தாலும், இந்நோய்க்கு அதை மட்டும் நம்பியிருப்பது பிழை. மிளகாய், தக்காளி, கத்தரி என ஒரே குடும்பப் பயிர்களை அதே நிலத்தில் அடுத்தடுத்து நடாமல் விடுவதும், சுண்டைச் செடியின் வேர்த்தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டி நடுவதும்தான் இதற்கு உதவும் வழிகள்.

ஆகவே, குவளைச் சோதனையைத் தோட்டத்தில் வைத்தே செய்து காட்டுங்கள். நுண்ணுயிர்ப் பொதிகள் திகதியோடும் குளிர்ந்த நிழலிலும் விற்கப்படுவதற்கு வழிசெய்யுங்கள். பூஞ்சைகொல்லி ஊற்றிய கையோடு டிரைக்கோடெர்மாவும் இடக்கூடாது என்பதைப் பலரும் அறியார், அதையும் சொல்லுங்கள். இந்தப் பசளைக்கும் நுண்ணுயிருக்கும் தம்பலகாமத்து நெல்வயலில் ஒரு பரிசோதனையும் எங்கள் மணலில் ஒன்றும் தனித்தனியே வேண்டும். ஓரிடத்து அளவு மற்ற இடத்துக்குப் பொருந்தாது.

மாரி ஓய்ந்து தையில் நாற்று நடுவேன். பரிசோதனைக்கென நான்கு பாத்திகளை ஒதுக்கித் தருகிறேன். மாட்டெருவும் என் பொறுப்பு. நீங்கள் கொண்டுவர வேண்டியது திகதியிட்ட பொதிதான்.

இப்படிக்கு,
நிலாவெளிக் கத்தரித் தோட்டக்காரன்