பெரியப்பா படகில் கிடைத்த தகரப்பெட்டி

கடலூர் முதுநகர்,
மே 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் பெரியப்பாவின் படகில், எஞ்சின் அறைப் பலகைக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி கிடைத்திருக்கிறது. அதிலுள்ள உதிரிச் சாமான்களில் பாதி எந்த எஞ்சினுக்கு உரியவை என்று எனக்கு விளங்கவில்லை. மேஸ்திரிக்கும் முழுதாக விளங்கவில்லை. கப்பல் எஞ்சின்களோடு வாழ்கிறவன் நீ என்பதால் உன்னைக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்பவள் உன் அக்காள் மகள். ஆகையால் சாமான்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

புரிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். துத்தநாகப் பென்சில்கள் நான்கு இருந்தன. உப்புத் தண்ணீர் ஓடும் குளிர்விப்பானில் செம்புக் குழாய்களை அரிப்பதற்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுக்கும் சாமான் அது. அவை இப்போதுள்ள லேலண்ட் எஞ்சினுக்கு உரியவை, பெரியப்பா வாங்கி வைத்தவை, அதில் சந்தேகமில்லை. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் போடும் செம்பு வாஷர்களும் அவருடையவையே. பழைய வாஷரை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, இளக்கி, மறுபடியும் போடுகிற அவருடைய சிக்கனம் உனக்குத் தெரியும். எல்லாம் கருத்துப்போய், ஒரு கம்பியில் கோத்துக் கிடந்தன.

அவற்றுக்கு அடியில் இருந்தவைதான் குழப்பம். தண்ணீர் பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான ரப்பர் இம்பெல்லர் ஒன்று இருந்தது. அது லேலண்டின் பம்புக்குள் போகாத அளவுக்குச் சிறியது. இன்ஜெக்டரின் நுனியில் மாட்டும் நாசில்கள் இரண்டு, டிஎன் என்று தொடங்கும் எண் பொறித்தவை. நடுவில் ஊசி முனை நீட்டிய ஒற்றைத் துளை நாசில், டீசல் முதலில் பற்றிக்கொள்ளும் முன்னறை வைத்த பழைய காலத்து எஞ்சினுக்குத்தான் ஆகும் என்றும், லேலண்டுக்குப் பல துளை நாசில் வேண்டும் என்றும் மேஸ்திரி சொன்னார். கடைசியாக, படகின் விசிறியைச் சுற்றும் ஷாப்டுக்குப் பின்புறம், அதைத் தாங்கப் போடும் ரப்பர் புஷ் ஒன்று. வெளியே பித்தளை, உள்ளே நீளவாக்கில் பள்ளம் வெட்டிய ரப்பர். வெர்னியர் வைத்து அளந்தேன். உள்விட்டம் ஒன்றரை அங்குலம் இருந்தது. நம் படகின் ஷாப்ட் இரண்டரை அங்குலம் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

மேஸ்திரி இவையெல்லாம் பெரியப்பா காலத்துச் சாமான் என்று கூறி எழுந்து போய்விட்டார். நான் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்கிறவன் இல்லை. ரப்பருக்கு வயது உண்டு. பெட்டிக்குள் கிடந்தாலும் அது காய்ந்து, இறுகி, வெடிப்பு விடும். இந்த இம்பெல்லரின் இதழை விரலால் மடக்கினால் வாழையிலைக் குருத்தைப் போல மடங்கி நிமிர்கிறது. நாசில்களைச் சுற்றியிருந்த நாளிதழ் சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்தது. அந்த மாதத்தில் யார் விடுமுறையில் ஊரில் இருந்தார்கள், யார் இரவுச் சாப்பாட்டை மறந்து படகிலேயே கிடந்தார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நாளிதழில் நாசிலைச் சுற்றி வைத்தது எவராயினும், அது தவறு. உப்புக்காற்றில் காகிதம் ஈரத்தை இழுக்கும். ஒரு நாசிலின் முனையில் துரு ஏறிவிட்டது. கிரீஸ் தடவிப் பாலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டும் என்று ஐடிஐயில் சேர்வதற்கு முன்பே உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு சாமானும் இருந்தது. கையால் அறுத்து, அரத்தால் தேய்த்த பித்தளைத் தட்டு; ஐந்து துளைகள்; எண்ணோ முத்திரையோ இல்லை. மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கைதேர்ந்தவன் செய்தது என்றார். பழைய எஞ்சினில் வேறொரு பம்பைப் பொருத்துவதற்கான இடைத்தட்டு என்று நினைக்கிறேன். மூலைகளைக் கூராக விடாமல் சற்றே உருட்டிவிட்டிருக்கிறது. அப்படி உருட்டுகிறவனை எனக்குத் தெரியும். வேலை மிகவும் நன்றாக இருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன், அவளும் கையில் வாங்கிப் பார்த்தாள்.

இத்தனையும் பொருந்துகிற எஞ்சின் நம்மிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. 2004 சுனாமியில் சின்னப் படகு உடைந்த பிறகு கழற்றிக் கொண்டுவந்து, கொல்லையில் தார்ப்பாயால் மூடி, மேலே உன் அம்மா வடகம் காயவைக்கிற எஞ்சின். நாசில் வாங்குகிறவன் அந்தப் பழைய எஞ்சினை ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று சொல்லிச் சமாதானம் அடையலாம். ஆனால் ரப்பர் புஷ் எஞ்சினுக்கு உரிய சாமான் அன்று. அது படகின் உடம்பில், ஷாப்ட் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் உட்காருவது. அதை வாங்கியவனின் மனத்தில் ஒரு படகு இருக்கிறது. இரண்டரை அங்குல ஷாப்ட் உள்ள இந்தப் படகு அன்று அது. இன்னும் கட்டாத படகு.

உள்ளே எஞ்சின் வைத்த விசைப்படகு என்றால், மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஆண்டுதோறும் 61 நாள் கரையில்தான் கிடக்க வேண்டும். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் இப்படி ஆயிற்று. 1983 ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு இல்லாவிட்டால் மானிய டீசல் இல்லை. கடலுக்குப் போகிறவர்களே பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்புகிற காலம் இது. நம் குடும்பத்தில் கப்பல் எஞ்சின் அறைக்குப் படித்துப் போனவன் நீ ஒருவன்தான் என்பதை இங்கே துறைமுகத்தில் எல்லோரிடமும் நான் சொல்லியாயிற்று.

உன்னை வேலைக்கு அனுப்பும் அலுவலகத்திலிருந்து பங்குனியில் ஒரு தொலைபேசி வந்தது. அடுத்த கப்பலுக்கு உன் சம்மதத்தைக் கேட்டார்களாம். அம்மாதான் எடுத்தாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

நாசில்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, கிரீஸ் தடவி, பையில் கட்டி, உன் அலமாரியில் வைத்திருக்கிறேன். மறுபடியும் சொல்கிறேன், நாளிதழ் உதவாது. இம்பெல்லரைத் தண்ணீர் இல்லாமல் சுற்றவிட்டால் சில நிமிடங்களில் இதழ்கள் பிய்ந்துபோகும் என்பதால், கடல்தண்ணீரை உள்ளே விடும் கடல்வால்வு திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்காமல் எவரும் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. ஷாப்டை எஞ்சினோடு நேர்பார்ப்பதும் படகைத் தண்ணீரில் இறக்கிய பிறகே செய்ய வேண்டியது. மரம் தண்ணீரில் இறங்கியதும் சற்று வளைந்து கொடுக்கும், கரையில் சரியாக இருந்தது அங்கே சரியாக இராது. பெரியப்பா உயிரோடு இருந்தால் இதை அவரே உனக்குச் சொல்லியிருப்பார்.

படகை உடைத்து எடுக்க விலை பேசியவர் ஜூன் 10 அன்று மீண்டும் வருகிறார். கொல்லையில் உள்ள எஞ்சினையும் இரும்பு எடைக்குச் சேர்த்துக் கேட்கிறார். படகைக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. எஞ்சினைக் கொடுப்பதா, வேண்டாமா என்பதை, நீ எந்த ஊரில் இருந்தாலும், அதற்குள் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா