நோர்போக் மணலில் வெண்டி விளையக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பான அயலவர்களுக்கும் உறவுகளுக்கும்,

ரொறன்ரோவில் ஒரு காப்புறுதிக் கந்தோரின் கணக்குப் பிரிவு வேலையை விட்டு, ஒன்ராறியோவின் தெற்கே நோர்போக் மாவட்டத்தில் நான் தொடங்கிய மரக்கறித் தோட்டம் இந்த வருடம்தான் தன் செலவைத் தானே தாங்கியிருக்கிறது. வெண்டி, நீளக் கத்தரி, பச்சைமிளகாய், கொஞ்சம் பயற்றை. கடைசிப் பிடுங்கலும் முடிந்து, மண்ணை மூடிக் காக்கக் காணியில் ரை என்ற தானியப் பயிரும் விதைத்தாயிற்று. ஆறுதலாக இருந்து நன்றி சொல்ல இப்போதுதான் நேரம் கிடைத்தது.

முதல் நன்றி பக்கத்துக் காணிப் பெரியவருக்கு. அவருடைய பெற்றோர் பெல்ஜியத்திலிருந்து வந்து டெல்ஹை ஊருக்குப் பக்கத்தில் புகையிலை நட்டவர்கள். 1920களில் இருந்து இந்தப் பகுதிக்குச் சோறு போட்டது புகையிலைதான். 2008இல் மத்திய அரசு கோட்டாவுக்கு, அதாவது இவ்வளவு புகையிலை விளைவிக்கலாம் என்ற உரிமைக்கு, பணம் கொடுத்து விலகச் சொன்னபோது பலர் அந்தப் பயிரை விட்டார்கள், அவரும் விட்டார். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் என் அப்பாவும் புகையிலைத் தோட்டம் செய்தவர் என்று ஒருநாள் சொன்னேன். உடனே கூட்டிப்போய்த் தன் பழைய மரச் சூளைக் கொட்டில்களைத் திறந்து காட்டினார். இலை கட்டுவது, புகை போடுவது, பதம் பார்ப்பது என்று இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த மண் எனக்குப் பிடிபட்டது அவரால்தான். வெறும் மணல், காலையில் விட்ட தண்ணீர் பின்னேரம் இருக்காது. ஆனால் பனி போனதும் களிமண் காணிகளுக்கு முன்பே சூடேறிவிடும், வெண்டிக்கு வேண்டியதும் அந்தச் சூடுதான். முந்தி காட்டை வெட்டியபிறகு இந்த மணல் காற்றில் பறந்து காணிகள் பாழாய்ப் போயின. நிலத்தை மீட்கத்தான் 1908இல் செயின்ட் வில்லியம்ஸில் மாகாணத்தின் முதல் வன நாற்றுப்பண்ணை வந்தது. அதனால் அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: அறுவடை முடிந்தால் மண்ணை மொட்டையாய் விடாதே, ரை விதை. விதைக்கும் பொறியையும் தன் டிராக்டரில் பூட்டி அவரே கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. இங்கே ஒரு நாளைக்கு 50,000 லீற்றருக்கு மேல் நீர் எடுப்பதென்றால் மாகாணத்தின் அனுமதி வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் குளத்துக்கான அந்தப் படிவங்களை எங்கள் குசினி மேசையில் வைத்து, பக்கம் பக்கமாக எனக்கு விளக்கியது அவருடைய மகள்.

அடுத்தது, வைன்லாண்ட் ஆராய்ச்சி நிலையத்தில் வெண்டியையும் ஆசியக் கத்தரியையும் ஒன்ராறியோவின் குறுகிய கோடையில் வளர்த்துப் பார்த்தவர்கள், சிம்கோவில் இருக்கும் பயிர் ஆலோசகர். கறுப்புப் பொலித்தீன் விரிப்பு, அதன் கீழே சொட்டுநீர்க் குழாய், இரவுக் குளிருக்கு மேலே மெல்லிய துணி, எல்லாம் அவர்கள் சொல்லித் தந்ததுதான். கத்தரி இலையை அரித்த பூச்சி உருளைக்கிழங்கு வண்டு என்று படத்தைப் பார்த்தே சொன்னார்கள். என் தொலைபேசி அழைப்புக்கு ஒருநாளும் சலித்ததில்லை.

ஜமேக்காவிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்த தம்பிமாருக்கு எப்படி நன்றி சொல்வேன்! இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களில், எங்களைப்போல வெண்டி சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்தான். முற்றலையும் பிஞ்சையும் விரல் பட்ட உடனே பிரித்துவிடுவார்கள். வெண்டியை இரண்டு நாளைக்கு ஒருமுறை பிடுங்காவிட்டால் நார் வைத்துவிடும், மழையென்றும் ஞாயிறென்றும் பார்க்க முடியாது. 1966இல் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் திட்டத்தில், கூடியது எட்டு மாதம் இங்கே இருந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். பிள்ளைகள் வளர்வதைத் தொலைபேசியில் பார்க்கிறார்கள். ஆண்டாண்டாக இந்த நாட்டுக்கு உணவு விளைவிப்பவர்களுக்கு இங்கேயே குடியிருக்கும் உரிமை வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதைக் கேட்கிற இடங்களில் எல்லாம் நானும் கேட்பேன்.

ஸ்காபரோவில் எங்கள் முதல் பெட்டிகளை எடுத்த கடைக்கார அண்ணைக்கு நன்றி. தூர நாட்டிலிருந்து வந்த வெண்டி மலிவாகக் கிடைக்கும்போதும் எங்களுடையதை முன்வரிசையில் வைத்தீர்கள். நுனியை முறித்துப் பார்த்து, "இது ஊர் வெண்டி மாதிரி இருக்கு" என்று மற்றவர்களுக்கும் சொல்லிவிட்ட மாமிமாருக்கும் நன்றி.

அப்புறம் என் கணவர். தோட்டத்துக்கு வருமானம் இல்லாத காலத்தில் தன் வேலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கடனைக் கட்டினார், வெள்ளிக்கிழமை இரவுகளில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து சனிக்கிழமை களை பிடுங்கினார். என்ர ராசா, உங்களுக்கு நான் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆடி மாதம் எல்லாரும் ஒருநாள் வாருங்கள். பிடுங்கி முடிய எங்கள் வளவிலேயே சமைத்துச் சாப்பிடுவோம். முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள், வெண்டிச் சுணை கையைக் கடிக்கும்.

அன்புடன்,
உங்கள் தோட்டக்காரி