சோர்டினோவுக்கு ஒரு பொருள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலை இசைக் குறிப்பேடுகளில் வரும் இத்தாலியச் சொற்களுக்குத் தங்கள் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான பொருள் பட்டியலைப் படித்தேன். நல்ல முயற்சிதான், ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று அமைந்திருப்பதால் சில இடங்களில் அது மாணவர்களைத் தவறான வழியில் விட்டுவிடுகிறது.

'சோர்டினோ' என்பதற்கு 'ஒலியடக்கி' என்று மட்டும் தந்திருக்கிறீர்கள். வயலினில் அது, தந்திகளைத் தாங்கி நிற்கும் 'குதிரை' என்ற மரத்துண்டின் மேல் செருகும் சிறு கவ்வி. செருகினால் நாதம் மங்கும். ஆனால் 1801-இல் பீத்தோவன் இயற்றிய, பிற்காலத்தில் 'மூன்லைட்' என்று பெயர் பெற்ற பியானோ சொனாட்டாவின் முதற்பகுதியை முழுவதும் மிக மென்மையாகவும் 'சென்சா சோர்டினோ', அதாவது சோர்டினோ இல்லாமலும் வாசிக்க வேண்டும் என்று அவர் எழுதியிருக்கும்போது, அச்சொல் குறிப்பது விரலை எடுத்ததும் தந்தியில் படிந்து அதிர்வை நிறுத்தும் கட்டைகளை. அவற்றைத் தந்தியில் படாமல் தூக்கி வைக்க வேண்டுமானால் வலப்பக்கப் பெடலை மிதிக்க வேண்டும். என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி, தங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, அடக்கி வேண்டாம் என்றால் பெடலும் வேண்டாம் என்று பொருள் கொண்டு, காலை நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டு, சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வாசித்து முடித்தாள். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. (இன்றைய பியானோவில் நாதம் அக்காலக் கருவியைவிட நெடுநேரம் நிற்பதால், பெடலை இடையிடையே விட்டு மிதிக்காமல் தொடர்ந்து மிதித்திருந்தாலும் சுரங்கள் குழம்பிப்போகும் என்பது வேறு விஷயம்.)

'அலெக்ரோ' என்றால் வேகம் என்பதும் பாதி உண்மையே. இத்தாலியர் பேச்சில் அது மகிழ்ச்சி. அச்சொல்லைத் தலையில் தாங்கிய இசை பல சமயம் அதற்கு நேர்மாறான உணர்வைச் சொல்கிறதே என்று பீத்தோவனே 1817-இல் ஒரு கடிதத்தில் சலித்துக்கொண்டு, நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று காட்டும் மெட்ரோனோம் கருவியின் எண்களை நாடினார். மிதமான வேகத்தைச் சொல்லும் 'அந்தாந்தே' நடப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. 'நடை' என்றே பெயர்க்கலாமென்றால், நம் கர்நாடக இசையில் அது திசிர நடை, கண்ட நடை என்று, வேகத்தை அல்லாமல் ஒரு தட்டை எத்தனையாகப் பிரிப்பது என்பதைக் குறிக்கும் வேறொன்றாக இருக்கிறது.

ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே எந்தக் கருவிக்கு என்பதையும் சேர்த்து அப்பட்டியலை மீண்டும் வெளியிட வேண்டுகிறேன். இடமில்லையென்றால் சோர்டினோவை மட்டுமாவது திருத்துங்கள், தேர்வு நெருங்குகிறது.

தங்கள் வாசகி,
பியானோ ஆசிரியை,
கோயம்புத்தூர்.